எலுமிச்சம்பழத்துக்கு யார் கை காட்டுவது?

பயிற்சி வகுப்பில் உங்களுக்கு ஒரு ஸ்லைடு காட்டியிருப்பார்கள். நீலப் பின்னணி, 'அரசு நிறுவனமும் மதச்சார்பின்மையும்' என்று தலைப்பு, அடியில் வரிசையாகச் சில நல்ல வாக்கியங்கள். அந்த ஸ்லைடைத் தயாரித்தவன் நான்தான். அந்த உரிமையில் சொல்கிறேன், அதை நம்பி ஷாப் ஃப்ளோருக்குள் போய்விடாதீர்கள். அதை எழுதும்போது நான் ஏசி அறையில் இருந்தேன், காபி சூடாக இருந்தது. அந்த இரண்டும் இருந்தால் எனக்கு உலகத்தில் எல்லாமே தெளிவாகத்தான் இருக்கும்.

தெலுங்கு பேசும் ஊரான ராமச்சந்திராபுரத்துப் பக்கம் ஒரு கனரகத் தொழிற்சாலையில் நல அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். கேன்டீன் சாம்பாரில் உப்பு குறைந்தால் என்னிடம் வருவார்கள். கம்பெனி பஸ் தாமதமானால் என்னைத் திட்டுவார்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ கடவுளும் என் பொறுப்பில் இருந்தார். உங்களில் யாராவது ஒருவர் அந்த நாற்காலியில் உட்காரப் போகிறீர்கள். அதனால்தான் இதைச் சொல்கிறேன். அறிவுரை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். வழுக்கி விழுந்தவன், தான் விழுந்த இடத்தைக் காட்டுகிறான், அவ்வளவுதான்.

எனக்கு முன்னால் அதே நாற்காலியில் இருந்தவர் போகும்போது ஒரு மந்திரம் சொல்லிக்கொடுத்தார். வேர்க்கடலை உரித்துக்கொண்டே சொன்னார்: "சாமி விஷயமா எது வந்தாலும் அதை சேஃப்டி விஷயமா மாத்திடுங்க. சாமியை எதிர்த்துப் பேச ஆள் இருக்கு. சேஃப்டியை எதிர்த்துப் பேச ஆளே கிடையாது." பல வருடம் அந்த மந்திரம் எனக்குச் சோறு போட்டது. கைவிட்டது ஒரே ஒரு தடவை.

ஷாப் ஃப்ளோரில் ஒவ்வொரு நீளக் கூடத்தையும் 'பே' என்போம்; எங்கள் பெரிய பேயில் ஒரு கிரேன் உண்டு. கட்டடத்தின் உச்சியில், இரண்டு பக்கமும் தண்டவாளம் போட்டு, அதன்மேல் குறுக்கே ஓடும். அடியில் தொங்கும் கேபினில் ஆபரேட்டர் உட்கார்ந்திருப்பார். கீழே ரிக்கர் என்று ஒருவர் நின்று கையால் சிக்னல் காட்டுவார். 'போ' என்று அந்த ஒருவர் காட்டினால்தான் கிரேன் நகரும். ஆனால் 'நில்' என்று யார் காட்டினாலும், போகிற வழியில் கேன்டீன்காரர் காட்டினாலும், ஆபரேட்டர் நிறுத்தியாக வேண்டும். இந்த விதியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

ஆயுத பூஜை சமயத்தில் எல்லா மெஷினையும் துடைத்து, பொட்டு வைத்து, சாமந்தி மாலை போடுவார்கள். கடைசியாக, மேலே தண்டவாளத்தில் எலுமிச்சம்பழம் வைப்பார்கள். கிரேன் அதன்மேல் ஏறி நசுக்க வேண்டும். நசுக்கினால்தான் பூஜை முடிந்தது. எப்போதோ ஒரு விபத்து நடந்த இடம் அது. பூஜை ஆகாத கிரேனுக்கு அடியில் நிற்க யாரும் சம்மதிக்க மாட்டார்கள்.

அந்தக் கிரேனை ஓட்டியவர் காஜா பாய். வருடா வருடம் அவர்தான் பழத்தை நசுக்குவார். அவர் ஒன்றும் அதை ஆரம்பித்து வைக்கவில்லை. பழைய ஆபரேட்டரிடமிருந்து சீட்டையும், சீட்டில் விரித்திருந்த கிழிந்த டவலையும், பழம் நசுக்குவதையும் சேர்த்து வாங்கிக்கொண்டார். யாருக்கும் அதில் ஒன்றும் வித்தியாசமாகத் தெரியவில்லை. நல அதிகாரியான எனக்குச் சுத்தமாகத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் பூஜை முடிந்ததும் கிடைக்கும் லட்டு.

அப்புறம் தலைமை அலுவலகத்தின் விளம்பரப் பிரிவு வந்து ஒரு வீடியோ எடுத்தது. மேலே கேபினில் தொப்பியும் தாடியுமாக காஜா பாய், கீழே கற்பூரத் தட்டு, பின்னணியில் புல்லாங்குழல். 'இதுவே நம் மதநல்லிணக்கம்' என்று எழுத்து வேறு. செகந்திராபாத்தில் இருக்கும் என் மைத்துனர் அதை எனக்கே அனுப்பி, "உங்க ஃபேக்டரியைப் பாரு, கண்ணுல தண்ணி வருது" என்று எழுதியிருந்தார். எனக்கும் வந்தது. பின்னால் வேறு காரணத்துக்காக வந்தது.

அடுத்த தசராவுக்குள் ஊரின் பேச்சே மாறியிருந்தது. டிவியைப் போட்டால் எந்தக் கொடி எந்தத் தெருவழியாகப் போகலாம் என்று நான்கு பேர் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் நர்சிங் என்பவர் என் அறைக்கு வந்தார். பெரிய பேயின் ரிக்கர் அவர்தான், பூஜை கமிட்டித் தலைவரும் அவர்தான். தெலுங்கில் பேசினார். உங்களுக்காகத் தமிழில் தருகிறேன்.

"சார், காஜா பாய் தங்கமான மனுஷன். நான் இல்லேன்னு சொல்லல. ஆனா பூஜை அன்னிக்கு ஒரு நாள் மட்டும் பக்கத்து பே ஆபரேட்டர் ஏறட்டும். பசங்க கேக்கறாங்க."

"எந்தப் பசங்க?"

"வாட்ஸ்அப் குரூப்ல இருக்கற பசங்க."

"இத்தனை வருஷமா அவர்தானேப்பா நசுக்கினார்?"

"இத்தனை வருஷமா வீடியோ இல்லையே சார்."

"பார்க்கலாம்" என்றேன். நல அதிகாரிக்கு அரசாங்கம் கொடுத்திருக்கும் ஒரே ஆயுதம் அந்தச் சொல்தான். அதற்கும் ஒரு பொட்டு வைத்திருக்கலாம்.

நர்சிங் போனார், திவ்யா வந்தாள். பெரிய பேயின் ஷிஃப்ட் இன்ஜினியர், வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. ரயில்வேயில் வேலை பார்த்த தமிழ்க் குடும்பத்துப் பெண், மௌலா அலி பக்கம் வளர்ந்தவள். முதல் நாளே என்னிடம் சொல்லியிருந்தாள்: "நீங்க தமிழ்லயே பேசுங்க சார், எனக்குப் புரியும். பதில் எந்த பாஷைல வரும்னு எனக்கே தெரியாது." அன்றைக்குத் தமிழில்தான் வந்தது. விஷயம் பெரியது என்று அதிலேயே எனக்குப் புரிந்துவிட்டது.

"சார், இது கவர்மென்ட் ஃபேக்டரி. பூஜை எதுக்கு?"

"பழக்கம்மா. யாரையும் கட்டாயப்படுத்தறது இல்லையே."

"கட்டாயம் இல்லையா? முன் வரிசைல மேனேஜர் நிக்கறார். அவர் கையால தட்டு வருது. யார் ஒத்திக்கிட்டா, யார் ஒத்திக்கலன்னு பத்து பேர் பாக்கறாங்க. அதே மேனேஜர்தான் எனக்கு அப்ரைசல் எழுதறார். இதுக்கு மேல கட்டாயம்னா என்ன சார், கைல விலங்கா?"

நான் காபி சாப்பிடுகிறாயா என்று கேட்டேன். அவள் வேண்டாம் என்றாள்.

"எங்கப்பா ஒரு ஒர்க்‌ஷாப்ல ஃபிட்டர் சார். ஆயுத பூஜைக்கு முன்னால எல்லா மெஷினையும் அவர்தான் துடைப்பார். பூஜை ஆரம்பிச்சதும், 'நீ கொஞ்சம் பின்னால நில்லுப்பா'ம்பாங்க. வீட்டுக்கு வந்து பொரி சாப்பிடும்போதுகூட அதை சிரிச்சுக்கிட்டேதான் சொல்வார். எனக்கு மட்டும் சிரிப்பு வரல."

இப்போது பாருங்கள் என் நிலைமையை. ஒருவர் பூஜை வேண்டும் என்கிறார், காஜா வேண்டாம் என்கிறார். இன்னொருத்தி பூஜையே வேண்டாம் என்கிறாள். நர்சிங் பேசினால் தலையாட்டத் தோன்றாவிட்டாலும் பயமாக இருந்தது. திவ்யா பேசினால் பயமாக இல்லாவிட்டாலும் தலையாட்டத் தோன்றியது. என் ஸ்லைடை எடுத்துப் பார்த்தேன். 'அனைத்து மதங்களையும் சமமாக மதித்தல்' என்று ஒரு வரி. 'மதத்தை அலுவலிலிருந்து விலக்கி வைத்தல்' என்று அடுத்த வரி. இரண்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதும்போது இவை சண்டைபோட்டுக்கொள்ளும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. எழுத்தின் அளவு ஒன்றாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்திருக்கிறேன்.

மந்திரம் ஞாபகம் வந்தது. சேஃப்டி அதிகாரியிடம் ஓடினேன். "தண்டவாளத்துல எலுமிச்சம்பழம் வைக்கறது ஆபத்துன்னு ஒரு வார்த்தை சொல்லுங்களேன்" என்று கெஞ்சினேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "பழமே நான்தான் சார் வாங்கிட்டு வரேன். மோண்டா மார்க்கெட்ல, பொறுக்கி எடுத்து."

ஜெனரல் மேனேஜரிடம் போனேன். பூஜை முடிந்த கையோடு பெரிய டர்பைன் பாகம் ஒன்றை அதே கிரேன் தூக்கி வண்டியில் ஏற்ற வேண்டும், அவர் கவலையெல்லாம் அதில். "கிரேன் ஓடணும். கீழ ஆள் நிக்கணும். மத்தது எனக்குத் தெரியாது. எனக்குத் தெரியாதுங்கறது உங்களுக்குத் தெரியும்ல?" என்றார். தெரியும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

கடைசியில் என் சொந்த மூளையைப் பயன்படுத்தினேன். அதிலிருந்துதான் பெரிய ஆபத்துகள் எல்லாம் தொடங்கும். பூஜை என்ற சொல்லையே எடுத்துவிட்டு 'இயந்திரப் பராமரிப்பு நாள்' என்று அறிவித்துவிட்டால்? இரண்டு பேரையும் கூப்பிட்டுச் சொன்னேன்.

"பராமரிப்புன்னா செருப்பு போட்டுக்கிட்டு வரலாமா சார்?" என்றார் நர்சிங்.

"பராமரிப்புன்னா கற்பூரம் எந்த ஸ்டோர்ஸ்ல சார் கேக்கணும்?" என்றாள் திவ்யா.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். இந்த விவகாரம் முழுவதிலும் அவர்கள் ஒத்துப்போனது அந்த ஒரு இடத்தில்தான், என் மூளையைப் பற்றி.

அன்று மதியச் சாப்பாட்டு வேளையில்தான் எனக்கு உறைத்தது. இத்தனை பேரிடம் பேசினேன், சம்பந்தப்பட்ட மனிதரிடம் இன்னும் பேசவே இல்லை. காஜா பாய் சாப்பிடக்கூட இறங்க மாட்டார், டிபன் கேபினிலேயே. அதனால் நான் ஏணி ஏறினேன். எனக்கு வீட்டில் பரணில் ஏறினாலே தலை சுற்றும். பாதி வழியில் கண்ணை மூடிக்கொண்டு, எல்லா மதக் கடவுளையும் சமமாக மதித்தேன். ஸ்லைடின் முதல் வரியை நான் கடைப்பிடித்தது அங்கேதான்.

காஜா பாய் கையைப் பிடித்து உள்ளே இழுத்து உட்கார வைத்தார். தக்கனி உருதுவில் அவர் பேச, என் உடைசல் இந்தியில் நான் கேட்க, மொழிபெயர்த்தால் இப்படி வரும்.

"காஜா பாய், வருஷா வருஷம் நீங்க பழத்தை நசுக்கறீங்களே, அது எவ்வளவு பெரிய..."

"நக்கோ சாப், வேண்டாம். பெரிய பேச்செல்லாம் நக்கோ."

அடுத்த ஸ்லைடுக்கு அவரிடமிருந்து ஒரு அழகான வாக்கியம் கிடைக்கும் என்று நினைத்திருந்தேன். அவர் சப்பாத்தியை மடித்து வாயில் போட்டுக்கொண்டார்.

"எனக்கு அந்த வேலை பிடிக்கும்னு யாரு சொன்னாங்க? வீடியோவைப் பாத்துட்டு என் சம்பந்தி கேட்டார், 'கைக்கு, எதுக்கு உனக்கு இந்த வேலை?'ன்னு. நான் சொன்னேன், கிரேன் ஓட்டறது என் வேலை, தண்டவாளத்துல என்ன கிடக்குங்கறது ரிக்கர் வேலை. ரிக்கர் கை காட்டுவான், நான் ஓட்டுவேன்."

"அப்போ பூஜையை நிறுத்திடட்டுமா?"

"நிறுத்துங்க. எல்லாரும் சேர்ந்து நிறுத்துங்க. நானும் கீழ வந்து உங்களோட சாய் குடிக்கறேன்."

"பக்கத்து பே ஆபரேட்டர் அன்னிக்கு மட்டும் ஏறினா?"

டிபன் டப்பாவை மூடினார். சிரிப்பு போய்விட்டது.

"பூஜையும் நடக்கணும், நான் மட்டும் இறங்கணும்னா, அது வேற கணக்கு சாப். பூஜை முடிஞ்சு நான் ஏறி அந்தப் பெரிய டர்பைன் ஜாப்பைத் தூக்குவேன். கீழ நிக்கறவன் மேல பாப்பான். 'பூஜைக்கு ஆகாத கை'ன்னு ஒருத்தன் நினைச்சாப் போதும், அவன் ஒரு அடி தள்ளி நிப்பான். என் கொக்கிக்கு அடில ஆள் நிக்கலன்னா நான் எதுக்கு? ஒரு தடவை அப்படி இறங்கினா மறுபடி இந்த ஏணில ஏற முடியாது."

நான் கீழே இறங்கினேன். ஏறியதைவிட மெதுவாக.

உங்களுக்குச் சொல்ல என்னிடம் ஏதாவது உருப்படியாக இருக்கிறது என்றால் இதுதான். யாராவது உங்களிடம் வந்து கடவுள், கலாச்சாரம், அரசியல் சட்டம் என்று பேசினால், பேசட்டும். நீங்கள் மட்டும், இதனால் யார் தன் இடத்தைவிட்டு இறங்க வேண்டியிருக்கிறது என்று தேடுங்கள். அந்த ஆள் கிடைத்துவிட்டால் பாதி முடிவு கிடைத்த மாதிரி. மீதிப் பாதி எங்கே கிடைக்கும் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

பாதி முடிவை மட்டும் வைத்துக்கொண்டு பெரிய பேக்குப் போய் எல்லோர் முன்னாலும் சொன்னேன். பூஜை ஷிஃப்ட் ஆரம்பிக்கும் முன்னால் நடக்கலாம். யாரையும் அழைக்கக் கூடாது. எந்த அதிகாரியும் தட்டைக் கையில் எடுக்கக் கூடாது. வருகிறவர் வரலாம், வராதவரை யாரும் கேட்கக் கூடாது. கிரேனில் அன்றைய டூட்டி ஆபரேட்டர்தான் உட்காருவார். டூட்டி காஜா பாய்க்கு.

"பாதிதான் சார்" என்றாள் திவ்யா. "வராதவங்களைக் கேக்க மாட்டாங்க, சரி. பாக்க மாட்டாங்களா?"

நர்சிங் கைகளைக் கட்டிக்கொண்டார். "காஜா பாயே ஓட்டட்டும். ஆனா சிக்னல் யார் காட்டுவாங்கன்னு நீங்க சொல்லலையே சார்."

சொல்லவில்லைதான். எனக்குத் தோன்றவே இல்லை. ரிக்கர் கை காட்டாவிட்டால் கிரேன் நகராது. பூஜை முடியாது. கீழே ஆள் நிற்க மாட்டார்கள். அதற்கான பழியை குரூப்காரர்கள் யார் தலையில் வைப்பார்கள் என்று யோசிக்க எனக்கே மூளை போதும். கேபினில் உட்கார்ந்திருப்பவர் தலையில்தான்.

பூஜை நாள் வந்தது. மெஷினெல்லாம் புது மாப்பிள்ளை மாதிரி நின்றன. வழக்கமான கூட்டம்தான், கொஞ்சம் குறைவு. முன் வரிசையில் மேனேஜர் நிற்கவில்லை. பின் வரிசைக்குப் போய் எல்லோருக்கும் தெரியும்படி நின்றார். திவ்யா ஹெல்மெட்டோடு பேயின் ஓரத்தில் நின்றாள். தண்டவாளத்தின்மேல் ஆள் ஏறுவதற்கு ஷிஃப்ட் இன்ஜினியர் அனுமதி கொடுக்க வேண்டும். கொடுக்க மாட்டாளோ என்று அவளிடம் ஓடினேன்.

"ஏறத்தான் போறாங்கன்னா பத்திரமா ஏறட்டும் சார்" என்றாள். பிறகு மேலே பார்த்துக் கத்தினாள்: "காஜா பாய், பவர் ஆஃப்!"

காஜா பாய் மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, இனி கிரேன் நகராது என்பதற்கு அடையாளமாக அதன் சாவியை ஜன்னலுக்கு வெளியே நீட்டிக் காட்டினார். பழத்தோடு ஏறியது நர்சிங்தான். அந்தக் குறுகிய நடைபாதையில் நின்றுகொண்டு, தண்டவாளத்தில் பழத்தை வைப்பதற்கு முன், ஒரு தடவை திரும்பி அந்தச் சாவியைப் பார்த்தார். காஜா பாய் கையை உள்ளே இழுக்கவே இல்லை. நர்சிங் கீழே இறங்கித் தரையில் கால் வைக்கும்வரை அந்தச் சாவி வெளியிலேயே தொங்கியது.

கற்பூரம் காட்டினார்கள். காஜா பாய் மணியை அடித்தார், நான் தயார் என்று அர்த்தம். எல்லோரும் செல்போனைத் தூக்கினார்கள். நர்சிங் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். இரண்டு கையாலும்.

மணி இன்னொரு தடவை அடித்தது.

நானே கை காட்டிவிடலாமா என்று எனக்கு இருந்தது. ஆனால் என் கைக்கு அந்தப் பேயில் உள்ள ஒரே மதிப்பு 'நில்' என்பதற்குத்தான். கிரேனோ ஏற்கெனவே நின்றுகொண்டுதான் இருந்தது. என் பதவிக்காலத்தை இவ்வளவு சுருக்கமாக நானே சொல்லியிருக்க முடியாது.

நர்சிங் தட்டைக் கீழே வைத்தார். விபூதிக் கையைச் சட்டையில் துடைத்தார். மேலே பார்த்தார். வலது கையைத் தூக்கி, 'வா' என்று காட்டினார்.

கிரேன் நகர்ந்தது. ஒரு முழம் நகர்ந்திருக்கும். கூட்டத்திலிருந்து குரூப் ஆசாமி ஒருவர், வெல்டர், இரண்டு கையையும் உயர்த்தி 'நில்' என்றார். கிரேன் அந்த நொடியே நின்றது. யார் காட்டினாலும் நிறுத்த வேண்டும், விதி.

அப்புறம் நடந்ததைத்தான் இன்னும் எனக்குள் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். நர்சிங் திரும்பினார். முகம் குங்குமத்தைவிடச் சிவந்திருந்தது.

"எவன்டா கையைத் தூக்கினது? கொக்கில லோடு இருக்கா? கீழ ஆள் மாட்டிக்கிட்டானா? எதுக்குடா ஸ்டாப் காட்டினே? என் பேய்ல நான் காட்டின சிக்னலை நிறுத்த நீ யார்ரா? இறக்கு கையை!"

வெல்டர் கை தானாக இறங்கியது. பக்கத்தில் நின்றிருந்த என் கையும் இறங்கியது. அது எப்போது மேலே போனது என்று எனக்குத் தெரியாது. நர்சிங் மறுபடி மேலே பார்த்து, முன்பைவிடப் பெரிதாகக் கை காட்டினார். கிரேன் வந்தது. பழம் நசுங்கியது. கைதட்டினார்கள். காஜா பாய் கொக்கியை அதன் இடத்தில் நிறுத்திவிட்டு டிபன் டப்பாவைத் திறந்ததாக நினைக்கிறேன்.

டீ குடிக்கும்போது நர்சிங்கைக் கேட்டேன். "காஜா பாய்க்காகத்தானே அப்படிக் கத்தினே?"

"காஜா பாய்க்கு என்ன சார்? நான் காட்டினேன், அவர் ஓட்டினார். என் சிக்னலை ஒருத்தன் நிறுத்தறான், சும்மா இருக்க முடியுமா?"

"அப்போ அடுத்த வருஷம்?"

"அடுத்த வருஷம் பாக்கலாம் சார்." என் ஆயுதத்தை என்மீதே வீசினார்.

அதற்குள் திவ்யா பேயின் ஓரத்திலிருந்து தெலுங்கு மரியாதையோடு கூப்பிட்டாள். "நர்சிங் காரு, தண்டவாளத்துல எலுமிச்சம் சாறு இருக்கு. துடைக்காம லோடு தூக்க விட மாட்டேன்." நர்சிங் முணுமுணுத்துக்கொண்டே கழிவுப் பஞ்சோடு மறுபடி ஏறினார். மேலே மறுபடி அந்தச் சாவி ஜன்னலுக்கு வெளியே வந்தது.

"திருப்திதானேம்மா?" என்று அவளைக் கேட்டேன்.

"தெரியல சார். எங்கப்பா நின்ன மாதிரி இன்னிக்கு நானும் பின்னால நின்னேன். ஆனா என்னை யாரும் நிக்கச் சொல்லல, நானே போய் நின்னேன். அது முன்னேற்றமா, இல்ல அதே இடமான்னு யோசிச்சுக்கிட்டே இருக்கேன்." என் முகத்தைப் பார்த்தாள். "உங்க நெத்தில யாரோ பொட்டு வெச்சிருக்காங்க."

யார் வைத்தார்கள், நான் எப்போது குனிந்தேன், ஒன்றும் நினைவில்லை. அவசரமாகத் துடைத்தேன். "பாதிதான் போயிருக்கு" என்றாள். மேலிருந்து இறங்கிய நர்சிங் கையில் இருந்த பஞ்சை வாங்கி அழுத்தித் துடைத்தேன். அதற்குள் ஜெனரல் மேனேஜர் கூப்பிடுகிறார் என்று ஆள் வந்தது. அப்படியே ஓடினேன்.

அவர் என்னை நிற்க வைத்து நெற்றியையே வெகுநேரம் பார்த்தார். "இது குங்குமமா, கிரீஸா?" என்றார்.

எனக்கு எலுமிச்சம்பழ வாசனை வந்தது. "ரெண்டும் இருக்கும் சார்" என்றேன்.

"பூஜை நடந்துதா, நடக்கலையா? அதைச் சொல்லுங்க."

என்ன சொல்வது என்று வாயைத் திறந்தேன். அப்போது பெரிய பே பக்கமிருந்து கிரேன் மணி கேட்டது. ஜன்னல் வழியாக இரண்டு பேரும் பார்த்தோம். டர்பைன் பாகம் தரையைவிட்டுக் கிளம்பியிருந்தது. அதன் பக்கத்தில் நர்சிங், ஒரு கையை மேலே தூக்கியபடி, கை எட்டும் தூரத்தில் அந்த வெல்டர், இன்னும் நான்கைந்து பேர். யாரும் ஒரு அடிகூடத் தள்ளி நிற்கவில்லை.

"ஜாப் ஏறிடுச்சு சார்" என்றேன்.